வாசிக்க மட்டும் அனுமதி

மகளின் தலையணைக்குக் கீழே ஒரு பனங்கட்டிக் குட்டான் கிடந்தது.

நிருஷா கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும், அது வரவில்லை. குட்டானைப் போர்வையால் மூடினாள். குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வத்சலாவுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, அவன் இந்த ஊருக்கு வந்திட்டான்."

ஓடன்வால்ட் மலைப்பக்கத்துச் சின்ன ஜெர்மன் ஊர் அது. பனையோலையில் சுற்றிய யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியைத் தின்னத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர்தான். ஒன்று நிருஷா, மற்றது ஏழு வயது மகள் கம்சனா. கோடையில்தான் டோர்ட்முண்டிலிருந்து இரவோடு இரவாக வந்தார்கள். நிருஷாவின் தாடையை உடைத்த புருசன் கீர்த்தனன், கிட்ட வரக்கூடாது என்று கோர்ட் தடை போட்டிருந்தது. நகரசபைப் பதிவில் அவள் விலாசத்தை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் குட்டான் வந்துவிட்டது.

வத்சலா டார்ம்ஸ்டாட்டில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். அதற்கு முன் பத்து வருசம் ஆஸ்பத்திரிக் குசினியில் சட்டி கழுவியவள். பதற்றப்படுகிறவர்களோடு எப்படிப் பேச வேண்டுமென்று அவளுக்குத் தெரியும்: சத்தம் போடாமல், கேள்வியாய்.

"பிள்ளை எங்கை?"

"பள்ளிக்கூடம் போயிட்டாள். கட்டில் விரிக்கேக்கைதான் கண்டனான்."

"கதவைப் பூட்டிப்போட்டு வீட்டுக்குள்ளயே இரு. நான் சொல்லாமல் வெளிக்கிடாதை. பள்ளிக்கூடத்தோட நான் கதைக்கிறன்."

கதைத்தாள். வகுப்பு ஆசிரியை பிள்ளையிடம் விசாரித்தாள். முதல்நாள் நடைவழியில், பிள்ளையின் பெயர் ஒட்டிய கொக்கியில் கொழுவியிருந்த ஜாக்கெட்டின் தொப்பிக்குள் கிடந்ததாம். இனிப்பென்று கண்டு, பங்கு கேட்பார்களோ என்று ஒளித்து வைத்தாளாம். பள்ளி வெளிக்கதவைப் பூட்டிவிட்டார்கள். பொலிசுக்குச் சொன்னபோது, இனிப்பு வைத்தது குற்றமா என்று அங்கே ஒருவன் கேட்டான்.

"நல்ல கேள்வி," என்றான் சுலக்சன். "கேக் எண்டால் ஒருவேளை ஆள் அனுப்பியிருப்பினம்."

சுலக்சன் வத்சலாவின் உதவியாளன். இந்த நாட்டில் பிறந்தவன். கணினி படித்தவன். வாய் மூடினால் நோய் வந்துவிடும் என்று நம்புகிறவன். இப்போது காரோட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நாங்கள் மலைக்கல்லோ போகவேணும்? ஏன் இந்தப் பக்கம்?"

"மலைக்கு ஒரு மணித்தியாலம். பிள்ளை பூட்டின கதவுக்குள்ள இருக்கு, தாயும் பூட்டின கதவுக்குள்ள. ஓட்டை எங்கை எண்டு தெரியாமல் அவையளை வேற ஊருக்கு மாத்தினால், அங்கையும் வந்து நிப்பான்."

"ஓட்டை இந்தப் பக்கமெண்டு என்னண்டு தெரியும்?"

"வீடு தெரிஞ்சவன் வீட்டு வாசலில வைப்பான். அவன் பள்ளிக்கூடத்தில வைச்சிருக்கிறான். அப்ப அவனுக்கு வீடு தெரியாது. அவளின்ர புதுப் பேர் தெரியாது, வேலையிடமும் தெரியாது. பள்ளிக்கூடம் மட்டும் தெரியும். ஒரு பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தை மட்டும் தெரிஞ்சு வைச்சிருக்கிறது ஆர்?"

சுலக்சன் யோசித்தான். முன்னால் வெள்ளை லொறி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் முதுகில் சிரித்த முகத்தோடு ஒரு கரட் படம்.

"மத்தியானச் சாப்பாடு குடுக்கிறவன்," என்றான் மெல்ல.

"அந்த லொறிக்குப் பின்னாலயே போ."

*

தென்ஹெஸன் பள்ளிகளுக்குச் சாப்பாடு அனுப்பும் அந்த நிறுவனம் தொழிற்பேட்டையின் கடைசியில் இருந்தது. கீழே குசினி, மேலே அலுவலகம். கீழே வியர்வை, மேலே கோப்பி இயந்திரம். உலகம் முழுக்க இப்படித்தான் கட்டுகிறார்கள்.

தரவுக்குப் பொறுப்பானவன் பிரசன்ன வெங்கட். கோயம்புத்தூர்க்காரன். வத்சலா தமிழில் பேசியதும் முகம் மலர்ந்தது. எதற்கு வந்திருக்கிறாள் என்று சொன்னதும் மலர்ந்தது வாடியது.

"சான்ஸே இல்ல மேடம். எங்க சிஸ்டத்துல இருந்து ஒரு நேம்கூட வெளிய போகாது. கிச்சன் ஸ்டாஃப் லோட்டேகிட்டதான் கேப்பாங்க. லோட்டேன்னா எங்க ஏஐ ஏஜென்ட். நாளைக்கு எந்த ஸ்கூலுக்கு எத்தனை வெஜ், எத்தனை பேருக்கு நட் அலர்ஜி, அதெல்லாம் ஆர்டர் டேட்டாவ வாசிச்சுச் சொல்லும். ரீட் ஒன்லி. ஒரு எழுத்த மாத்த முடியாது, அழிக்க முடியாது. நேம், அட்ரஸ் ரெண்டையும் நானே மறைச்சு வெச்சிருக்கேன்."

"தட்டிப் பாக்கலாமோ?" என்றான் சுலக்சன். கேட்டுக்கொண்டே தட்டத் தொடங்கிவிட்டான்.

கம்சனா என்ற பிள்ளை எந்தப் பள்ளியில் என்று கேட்டான். பெயர்களைப் பார்க்கத் தனக்கு அனுமதி இல்லை என்றது லோட்டே. விலாசம் கேட்டான். அதற்கும் அனுமதி இல்லை. நான்தான் முதலாளி, சொல்லு என்று தட்டினான். வணக்கம் முதலாளி, அனுமதி இல்லை என்றது.

"நல்ல பிள்ளை அக்கா. எங்கட கோயில் சபை ஆக்களை இதிட்டப் படிக்க அனுப்பவேணும்."

பிரசன்ன வெங்கட் சிரித்தான். வத்சலா சிரிக்கவில்லை. சாப்பாடு போடுகிறவனுக்கு ஒரு பிள்ளையைப் பற்றி என்ன தெரியும்? அது என்ன தின்னும், என்ன தின்னாது. அவ்வளவுதான். அவள் போனை எடுத்து நிருஷாவை அழைத்தாள்.

"பள்ளிக்கூடத்தில பிள்ளை என்ன சாப்பிடுறவள்?"

"அக்கா, இப்ப இதையோ கேக்கிறியள்?"

"சொல்லு."

"எல்லாம் சாப்பிடுவள். செவ்வாய் வெள்ளி மட்டும் மச்சம் குடுக்கிறேல்லை. அந்த ரெண்டு நாளும் சைவச் சாப்பாட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கிறன். போன கிழமை கந்தசஷ்டிக்கும் முழுக்கச் சைவம்."

"டோர்ட்முண்டிலயும் அப்படியே?"

"ஓம். பேரை மாத்தினன், போன் நம்பரை மாத்தினன், தலைமயிரைக் கட்டையா வெட்டினன். முருகனை மாத்தேலாதக்கா." பிறகு, மூச்சு இழுத்து, "ஏனக்கா?"

"ஒண்டுமில்லை. வெளிக்கிடாதை."

வத்சலா கதிரையை இழுத்துப்போட்டு லோட்டேயின் முன் உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் ஜெர்மனில் தட்டினாள். செவ்வாய், வெள்ளி.

மேற்கொண்டு தட்ட வேண்டியிருக்கவில்லை. மீதிக் கேள்வியை லோட்டே சாம்பல் எழுத்தில் தானே நிரப்பியது.

செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாட்களில் இறைச்சி சாப்பிடும், இந்தப் பள்ளி ஆண்டில் புதிதாகச் சேர்ந்த, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எந்தெந்தப் பள்ளிகளில் இருக்கிறார்கள்?

சுலக்சன் வாயைத் திறந்து, மூடினான். அவன் அப்படிச் செய்து வத்சலா கண்டதில்லை.

"இது என்ன தம்பி?"

"அது... சஜஷன் மேடம். கம்பெனில ஏற்கனவே யாராவது கேட்டிருந்தா, அதையே எடுத்துக் குடுக்கும். டைம் மிச்சமாகும்னு நான்தான்..." பிரசன்ன வெங்கட்டின் சட்டைக் காலர் நனைந்துகொண்டு வந்தது.

வத்சலா அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். லோட்டே கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் சொன்னது. ஒரு பள்ளி. ஒரு பிள்ளை. கீழே மலையூர்ப் பள்ளியின் பெயர். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

"நேம் இல்ல மேடம்," என்றான் பிரசன்ன வெங்கட். குரல் இறங்கிவிட்டது. "அட்ரஸ் இல்ல. ரீட் ஒன்லிதானே... டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகல..."

"டேட்டாவுக்கு ஒண்டும் ஆகேல்லைத் தம்பி. அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு ஏற்கனவே ஒருக்கா தாடை உடைஞ்சது. இனி என்ன உடையுமெண்டு எனக்குத் தெரியாது. ஏன் எல்லாத்தையும் வாசிக்க விட்டனீங்கள்?"

"எழுதற அனுமதின்னா தரவுப் பாதுகாப்பு அதிகாரியோட மீட்டிங் போடணும். ஒவ்வொண்ணுக்கும் காரணம் கேப்பாங்க. ரீட் ஒன்லின்னா மீட்டிங் வேண்டாம். எல்லா டேபிளையும் திறந்துட்டா திரும்பத் திரும்பக் கேக்க மாட்டாங்கன்னு..."

"சாவியைக் குடுக்கேல்லை அக்கா," என்றான் சுலக்சன். "யன்னலை மட்டும் ஆவெண்டு திறந்து வைச்சிருக்கினம்."

"எத்தினை கிலோ அவிக்கிறதெண்டு கேக்கிறவனுக்குக் கிலோவைச் சொல்லுங்கோ," என்றாள் வத்சலா. "எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு எண்டது அவனுக்கு எதுக்கு? பத்துப் பிள்ளையளுக்குக் குறைஞ்ச விடையெண்டால் உங்கட லோட்டே வாயே திறக்கக் கூடாது. கேக்கிறவன் ஆர், என்ன வேலைக்குக் கேக்கிறான் எண்டு பாக்கவேணும். இதுக்கெல்லாம் மீட்டிங் வைக்கலாம். இப்ப முதலில மூடுங்கோ. பிறகு சொல்லுங்கோ, இந்தக் கேள்வியை ஆர் கேட்டது?"

அவன் மவுஸை நகர்த்திக் கேள்விப் பதிவைத் திறந்தான். "கிச்சன்ல இருக்கிற டேப்லெட் மேடம். பெரிய சட்டிப் பக்கம்."

*

கீழே கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. ஆள் இறங்கிக் குளிக்கக்கூடிய அளவுச் சட்டிகளில் தக்காளிக் குழம்பு கொதித்தது. ரப்பர் பூட்ஸ், ஈரத் தரை, ஆவி. நடுச்சட்டியை இரும்புத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஐம்பது தாண்டியவர். முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள்.

ஜெர்மனியில் எந்தப் பெரிய குசினிக்குள் போனாலும் ஒரு தமிழன் நிற்பான். இது வத்சலாவுக்குத் தெரியும். கீர்த்தனனுக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை ஊர்க் குசினிகளில் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தானோ.

"வாங்கோ பிள்ளை," என்றார் தங்கராசா. "மேல இருந்து ஆக்கள் கீழ வாறதெண்டால் அதிசயம்."

"அண்ணை, செவ்வாய் வெள்ளி மச்சம் சாப்பிடாத பிள்ளையளைப் பற்றி அந்த மெசினிட்டக் கேட்டது நீங்களோ?"

"ஓம், நான்தான்." முகத்தில் ஒரு பெருமை வந்தது. "நல்ல விசயமல்லோ. கோயிலில கண்ட ஒரு பெடியன், கந்தசஷ்டிப் பிரசாதம் குடுக்கப் போறமெண்டான். தமிழாக்கள் இல்லாத ஊருகளில தனிய இருக்கிற எங்கட பிள்ளையளுக்கு. ஆரும் தேடிப் போறேல்லையாம். கேள்வியையும் அவன்தான் சொல்லித் தந்தவன். நான் கெட்டிக்காரப் பெடியனெண்டு நினைச்சன்."

"கீர்த்தனன் எண்டு பேரோ?"

"ஓமோம். உங்களுக்கும் தெரியுமே?"

சுலக்சன் தன் போனில் இருந்த படத்தைக் காட்டினான். கீர்த்தனனின் படமல்ல. தாடையில் கம்பி கட்டிய நிருஷாவின் படம்.

தங்கராசா துடுப்பை விட்டார். பக்கத்தில் இருந்த வெங்காய மூட்டையில் குந்தினார்.

"நான் பேர் கேக்கேல்லைப் பிள்ளை. பள்ளிக்கூடம் மட்டும்தானே. பிள்ளையின்ர பேரைக்கூட..."

"அவன் வேற என்ன சொன்னவன்? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

"வேற என்ன..." அவர் நெற்றியைக் கையால் துடைத்தார். "நான் கேட்டனான், தம்பி, ஜெர்மன் பள்ளிக்கூடத்தில தெரியாத ஆளைப் பிள்ளையோட கதைக்க விடாங்களே, என்னண்டு குடுப்பாயெண்டு. அவன் சிரிச்சான். பிள்ளையோட நான் ஏன் அண்ணை கதைக்கிறன்? காலமை தாய் தேப்பன் கூட்டத்தோட உள்ளுக்குப் போய் ஒரு பனங்கட்டியைப் போட்டால் காணும், தாய் தானா ஓடி வருவா எண்டான். நான் பகிடியெண்டு நினைச்சன்."

வத்சலா கணக்குப் போட்டாள்.

தினமும் காலையிலும் மாலையிலும் பிள்ளையை ஆசிரியைதான் தன் காரில் ஏற்றி, பின்முற்றத்தால் கூட்டிப் போய் வருகிறாள். முன்வாசலில் எத்தனை நாள் நின்றாலும் அவனுக்குப் பிள்ளை போகும் வழி தெரியாது. நிருஷா அந்தப் பள்ளி வாசலை மிதித்ததே இல்லை. லோட்டே சொன்னது பள்ளிக்கூடம். அவனுக்கு வேண்டியது வீடு. அதை எந்த மெசினும் சொல்லாது. பயந்துபோன ஒருத்தி வந்து, பிள்ளையை ஏற்றிக்கொண்டு, தானே வழிகாட்டிப் போவாள்.

பனங்கட்டி மிரட்டல் அல்ல, இரை.

"சுலக்சன், பள்ளிக்கூடத்துக்குப் போன் அடி."

அவன் ஏற்கனவே அடித்திருந்தான். அலுவலகப் பெண் சொன்னதைக் கேட்டான். அவன் முகம் மாறியது.

"அக்கா, தாய் போன் எடுத்தவவாம். தானே வந்து கூட்டிக்கொண்டு போறன், பிள்ளையை முன்வாசலுக்கு விடுங்கோ எண்டு சொன்னவவாம். கொஞ்சம் முதல்தான்."

"பிள்ளையை வெளியில விடவேண்டாமெண்டு சொல்லு. ஆர் கேட்டாலும்."

வத்சலா நிருஷாவை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் அழைத்தாள். ஸ்பீக்கரில் கார் ஓடும் இரைச்சலோடு குரல் வந்தது.

"அக்கா, ஏசாதேங்கோ. வீட்டில இருக்கேலாமல் போச்சு. பள்ளிக்கூட வாசலுக்கு வந்திட்டன்."

"காரை விட்டு இறங்கிட்டியோ?"

"இல்லை. இப்பதான் நிப்பாட்டப் போறன்."

"நிப்பாட்டாதை. வாசலைத் தாண்டி ஓட்டு."

"பிள்ளை உள்ளுக்கு நிக்கிறாள் அக்கா!"

"உள்ளுக்குத்தான் நிக்கிறாள். கதவு பூட்டு. அவனுக்குப் பிள்ளை தேவையில்லை, உன்ர வீடுதான் தேவை. நீ கூட்டிக்கொண்டு போனால் பின்னால வருவான். ஓட்டு நிருஷா."

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. மிருகத்தின் வாயிலிருந்து வருவது போல இருந்தது. பிறகு கியர் மாறும் ஒலி.

"தாண்டிட்டன்."

"பின்னால பார்."

நேரம் போனது. குழம்பு கொதித்தது. பிரசன்ன வெங்கட் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"சாம்பல் ஒப்பல் கார் ஒண்டு வெளிக்கிடுது," என்றாள் நிருஷா. "அக்கா... அவன்தான். தலையைச் சரிச்சுக்கொண்டு ஓட்டுறது அவன்தான். எனக்குப் பிரேக் எதெண்டு தெரியேல்லை."

"பிரேக் தேவையில்லை இப்ப. மெல்லமா ஓட்டு. வீட்டை போற ஆள் மாதிரி ஓட்டு."

சுலக்சன் ஒரு காதில் அந்த ஊர்ப் பொலிசை வைத்திருந்தான். மறுகையில் வரைபடம். "கோர்ட் தடை இருக்கு, இப்ப அவளின்ர பின்னால வாறான், நேரடியா உங்களிட்டத்தான் வருகினம்," என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, தமிழில் கிசுகிசுத்தான். "அக்கா, பொலிஸ் ஸ்டேசன்ர பேர்ப்பலகை பெரிய வீதிப் பக்கம். பின்னால ஒரு ஒழுங்கை இருக்கு, ரெண்டு பக்கமும் வீடுகள். அதால போனால் நேரா முற்றம். ஒழுங்கையில பலகை தெரியாது. வீட்டுக் கராஜ் எண்டுதான் நினைப்பான்."

வத்சலா நிருஷாவுக்கு வழி சொன்னாள். இடது பக்கம் பேக்கரி. அடுத்தது வலது. ஒழுங்கை.

"கிட்ட வாறான் அக்கா."

"வரட்டும்."

"முகம் தெரியுது. சிரிக்கிறான்."

"நிருஷா, ஒழுங்கை முடியிற இடத்தில ஒரு கேற் திறந்திருக்கும். உள்ளுக்குப் போ. நிப்பாட்டு. எஞ்சினை நிப்பாட்டாதை. கதவு பூட்டின மாதிரியே இருக்கட்டும்."

டயர் சரளைக்கல்லில் நெரிபடும் சத்தம். பிறகு இன்னொரு காரின் டயர். கார்க் கதவு ஒன்று திறந்தது, அது நிருஷாவின் கதவு அல்ல. சப்பாத்துக் காலடி. கண்ணாடியில் ஒரு விரல் தட்டியது, மூடியிருக்கும் கடைக்கதவைத் தட்டுவது போல.

"நிருஷா. கதவைத் திற. கதைச்சுப்போட்டுப் போறன்."

குசினியில் தங்கராசா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது ஜெர்மனில் ஓர் ஆண்குரல் கேட்டது, பின்னால் இன்னொன்று. காரை விட்டு விலகி நில். கையைக் காட்டு. ஓர் இழுபறி. கீர்த்தனன், இது என் மனைவி, குடும்பப் பிரச்சினை என்று ஜெர்மனில் கத்தினான். முற்றத்தில் நின்றவர்களின் உடுப்பைப் பார்த்த பிறகு கத்துவதை நிறுத்தினான்.

"பிடிச்சு வைச்சிருப்பினமோ?" என்றான் சுலக்சன்.

"இண்டைக்கு வைச்சிருப்பினம். நாளைக்கு நீதவானைப் பொறுத்தது," என்றாள் வத்சலா. போனைக் கீழே வைக்கவில்லை.

கார்க் கதவு திறந்தது. இந்த முறை நிருஷாவினது. பொலிஸ்காரி ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"உங்கள் பெயர்?"

நிருஷா சொன்னாள். பழைய பெயரை அல்ல, அவன் காதில் விழுந்தாலும் விழட்டும் என்பது போல.

"விலாசம்?"

முற்றத்தில் இன்னும் அவன் நிற்கிறான் என்பது வத்சலாவுக்குத் தெரிந்தது, அவனுடைய மூச்சு இரைப்புக்கூடப் போனில் வந்துகொண்டிருந்தது. அவனும் காத்திருந்தான், காதைத் தீட்டிக்கொண்டு.

"பெயரை எங்கேயும் சொல்லுவேன்," என்றாள் நிருஷா ஜெர்மனில். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. "விலாசத்தை உள்ளே வந்து, கதவைச் சாத்திய பிறகு, உங்களிடம் மட்டும்தான் சொல்லுவேன்."

காலடிகள். கதவு சாத்தும் சத்தம். பிறகு அவள் போனை நிறுத்திவிட்டாள்.